தேடினால் கிடைக்காத அந்தியேட்டி வீடு

கீரிமலை
மார்கழி, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் கோபிகாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நகுலேஸ்வரர் எட்டிப் பார்க்கிற தூரத்தில் குடியிருக்கிறபடியால் எங்கள் இரண்டு பேருக்கும் உடம்பு ஒரு மாதிரி ஓடுகிறது, நீயும் மருமகன் லக்ஷனும் அந்தப் பனிக்குள் விறைத்துப் போகாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று கும்பிடுகிறேன். காலமையும் பின்னேரமும் போனில் முகத்தைக் காட்டுகிறவள் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நீ முழுசுவாய். போனில் நான் வாயைத் திறந்தால் தோளுக்குப் பின்னால் கொப்பர் நிற்பார். வட்ஸ்அப்பில் எழுதினால் நீ அதை அப்படியே அவருக்கு அனுப்பி, அப்பா, அம்மா சொல்லுறது மெய்யோ என்று கேட்கிற பிள்ளை. அதுதான் பண்டத்தரிப்புப் பெரியம்மாவின் மகள் தனுஷா ரொறன்ரோவுக்குத் திரும்பும்போது அவளுடைய பையில் இதை வைத்து விடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவளின் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள், உன்னுடைய பழைய கொப்பிகளில் நான் பார்த்த பிழைகளைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

இங்கே மழை விட்டபாடில்லை. பக்கத்து வளவில் இராசநாயகம் மாமாவின் வெங்காயம் அழுகி மணக்கிறது, மனுசன் வேலியோரம் நின்று அதைப் பார்க்கிறதும் போகிறதுமாக இருக்கிறார், எங்கள் முருங்கையும் முறிந்து குளியலறைக் கூரையில் படுத்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து தாய் தகப்பன் செத்து முப்பத்தோராம் நாள் செய்கிற அந்தியேட்டிக்கு வருகிற சனம் கேணியில் குளித்துக் கிரியை முடித்து வந்து உடுப்பு மாற்றவும், ஆறுதலாக இருந்து கொப்பர் சமைக்கிற மரக்கறிச் சாப்பாடு சாப்பிடவும் என்று பார்த்துப் பார்த்துக் கட்டிய அந்த இரண்டு அறையும் இப்போது பல்லிக்கும் எனக்கும்தான். ஊரில் சாவு குறையவில்லை பிள்ளை, கேணிக்கு வருகிற சனமும் குறையவில்லை, எங்கள் படலைதான் திறக்கிறதில்லை. எல்லாரும் போனில் தேடி, முதலில் வருகிற குளிரூட்டின மண்டபத்துக்கே நேராகப் போய்விடுகிறார்கள். சாமியிடம் ஆளை அனுப்பு என்று கேட்கவும் எனக்குக் கூச்சம், கேட்டால் அதற்கு முதல் ஆரோ ஒருவர் மேலே போக வேண்டுமே.

இனி விசயத்துக்கு வருகிறேன், இருந்துகொண்டு வாசி. கார்த்திகையில் நீ துள்ளிக் குதித்துக்கொண்டு எடுத்தாயே, நீ செய்து தந்த எங்கள் இணையத்தளத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்தே ஒவ்வொரு காலமையும் நூறு தரத்துக்கு மேல் வந்து பார்க்கிறார்கள், பிடிக்கத் தொடங்கிவிட்டது, அப்பாவைக் கட்டாருக்குப் போக விடாதையுங்கோ என்று. அதை நம்பித்தான் கொப்பரும் கட்டாருக்குச் சமையல் வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனிடம் போய், தம்பி நான் வரேல்லை, எனக்கு இஞ்சை தொழில் எழும்புது என்று சொல்லிவிட்டு வந்தார். நான் இரண்டு அறையையும் கழுவிப் புதுப் பாய் போட்டேன். கொப்பர் பெரிய சமையல் கிடாரத்தைப் புளி போட்டுத் தேய்த்து அதில் தன் முகத்தைப் பார்த்துச் சீப்பால் தலை இழுத்தார். ஆனால் போன் அடிக்கவில்லை. வாற நூறு பேரும் எங்கடை படலைக்கு வெளியிலை நிண்டு வடிவு பாத்திட்டுப் போகினமோ, ஒருத்தருக்கும் கூப்பிட வாய் இல்லையோ என்று நான் பகிடி பண்ணினால் அவர் கூரை மோட்டைப் பார்ப்பார்.

போன கிழமை திருவெம்பாவைச் சங்குச் சத்தத்தோடு எழும்பினேன். கொப்பர் எனக்கு முதலே குளித்து, திருநீறு பூசி, சாமியறையில் சப்பாணி கட்டி இருக்கிறார். வாய் முணுமுணுக்கிறது. பரவாயில்லை, கலியாணம் கட்டி இவ்வளவு காலத்துக்குப் பிறகு மனுசனுக்குப் பக்தி வந்துவிட்டதே என்று கிட்டப் போனால் மடியில் போன். எங்கள் பக்கத்தைத் திறக்கிறார், மூடுகிறார், திறக்கிறார், மூடுகிறார். என்ன கூத்து இது என்று கேட்டேன். சும்மா இரப்பா, எண்ணிக்கை பிழைக்கப்போகுது, நூற்றெட்டு ஆகவேணும் என்கிறார். நீதானாம் சொன்னாய், ஆட்கள் எவ்வளவுக்கு எவ்வளவு உள்ளே வருகிறார்களோ அவ்வளவுக்கு அது மேலே ஏறும் என்று. பிறகென்ன, மனுசன் கோயிலை வலம் வருகிற மாதிரி உன்னுடைய இணையத்தளத்தை வலம் வந்திருக்கிறார். உனக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அந்த நூறு பேரும் கொப்பர்தான் பிள்ளை. வேறு ஒருவரும் இல்லை.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்ப நீங்கள்தான் எண்டு பிள்ளைக்குச் சொல்லேல்லையோ என்று கேட்டேன். முதல் தனக்கே விளங்கவில்லையாம், தன் பூசையால் உண்மையாகவே சனம் வருகிறது என்றுதான் நினைத்தாராம். பிறகு ஒரு நாள் காலமை கோயிலுக்குப் பால் வைக்கப் போனதில் இந்தப் பூசை தவறிப்போக, அன்றைக்கு ஒருவரும் வரவில்லை என்று நீ சொன்னவுடன் விளங்கிவிட்டதாம். விளங்கின பிறகும் விடவில்லை. பிள்ளை சந்தோசமாய்க் கதைக்குது, அதைக் கெடுக்காதை என்கிறார். நான் கண்டுபிடித்த அடுத்த நாளே பஸ் ஏறி ஏஜென்சிக்குப் போய்ப் பாஸ்போட்டை மறுபடியும் கொடுத்துவிட்டார். இன்னொருக்கால் மாட்டன் எண்டால் இனி இந்தப் பக்கம் வராதையுங்கோ ஐயா என்று அவன் சொல்லிவிட்டான். கட்டாரில் கட்டட வேலைக்காரர்கள் தங்கியிருக்கிற முகாமில் சமையல், இரண்டு வருசம். ஐம்பது தாண்டின மனுசன், தெல்லிப்பழை ஆசுப்பத்திரியில் சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுக்கிறவர், விசாப் படத்துக்குத் தலைக்கு மை பூசிக்கொண்டு போய் நின்றார். கலியாணப் படத்தில்கூட இவ்வளவு வடிவாக இருக்கவில்லை என்று சொல்லிச் சிரித்தேன், அவரும் சிரித்தார், பிறகு இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்தோம். நீ அனுப்புகிற காசு போதும், போகவேண்டாம் என்று நான் மறிக்காமல் இல்லை. பிள்ளையின்ரை உழைப்பிலை குந்தியிருந்து தின்னமாட்டன் என்று ஒரே பிடி.

இதற்குப் பிறகு நடந்ததையும் கேள், வயிறு எரியும். செவ்வாய்க்கிழமை ஓட்டோக்காரக் கதிரவேலு பிரான்சிலிருந்து தகப்பனின் அந்தியேட்டிக்கு வந்த ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தான், மழையில் நனைந்து நின்றாள், உடுப்பு மாற்ற இடம் இல்லை. கொப்பர் ஓடியோடிச் சமைத்தார். சாப்பிட்டு முடிய அந்தப் பிள்ளை சொல்லுகிறாள், அன்ரி, இப்பிடி ஒரு இடத்தைத்தான் நான் அங்கையிருந்து எவ்வளவு தேடினனான், உங்கடை பேர் வரவே இல்லையே என்று. என்ன போட்டுத் தேடினீர் பிள்ளை என்று கேட்டேன். வேறென்ன, அந்தியேட்டி எண்டுதான் என்றாள். நீ வடிவாக இருக்கட்டும் என்று ஈமச்சடங்கு மையம் என்றல்லவா போட்டு வைத்திருக்கிறாய். எங்கள் சனத்தில் ஆர் பிள்ளை ஈமச்சடங்கு என்று கதைக்கிறது, நீ பிறந்ததிலிருந்து எங்கள் வாயில் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறாயா. செத்தவீடு, எட்டுச்செலவு, அந்தியேட்டி, ஆட்டைத்திவசம், இதுதானே எங்களுக்குத் தெரியும். கீழே ஒரு மூலையில் ஆங்கில எழுத்தில் அந்தியேட்டி என்று போட்டிருக்கிறாய்தான், அதற்கும் இரண்டு T போட்டிருக்கிறாயாம், எங்கள் ஆட்கள் வட்டுக்கோட்டைக்குப் போடுகிற மாதிரி இரண்டு D போட்டுத்தான் தேடுவார்களாம், அவள்தான் காட்டித் தந்தாள்.

பிறகு கொப்பர் பெருமையோடு எங்கள் பக்கத்தைத் திறந்து அவளிடம் நீட்டினார். பார்த்துக்கொண்டு போனவள் அடியில் போய் நின்றுவிட்டாள். அங்கே பூப்போட்டுப் பெரிதாக எழுதியிருக்கிறது, நன்றி, மீண்டும் வருக என்று. இன்னொரு சாவைக் கூப்பிடுகிற மாதிரி ஆகிவிடும் என்று அந்தியேட்டி வீட்டில் போய் வாறம் என்றுகூட வாய் திறந்து சொல்லாமல் எழும்பிப் போகிற சனம் நாங்கள், உனக்கு இது மறந்து போச்சோ. அந்தப் பிள்ளை வீங்கின கண்ணோடு சிரித்துக்கொண்டு சொன்னாள், அன்ரி, எனக்கு இன்னும் அம்மா இருக்கிறா என்று. நீ கேட்கச் சொன்ன ஐந்து நட்சத்திரத்தை அவளிடம் எந்த வாயால் கேட்பது, சொல்லு.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வேலையால் வந்து நித்திரைத் தூக்கத்தோடு எங்களுக்காகத் தட்டித் தட்டிச் செய்தவள் நீ, அது எனக்குத் தெரியாதா. சொல்லுகளை மாற்றிவிடு, மாற்றாமல் விடாதே. ஆனால் எதை மாற்றினாலும் அது மேலே வர ஆறு மாதம் செல்லும் என்று நீதானே சொன்னாய். எங்களுக்கு ஆறு மாதம் இல்லை மகள். தைப்பூசம் கழிந்த கையோடு அவருக்குப் பிளேன். அவர் போனால் தொழிலும் இல்லை, எனக்கு மரக்கறி வெட்டத் தெரியும், தேங்காய் திருவத் தெரியும், நூறு பேருக்கு உப்புப் போடத் தெரியாது. போகிற மனுசனை மறிக்க என்னிடம் மிச்சம் இருந்தது உன்னுடைய அந்த நூறு பேர்தான், அதுவும் அவரே என்றால் நான் ஆரைக் காட்டி மறிப்பேன். பகலில் அவரைச் சீண்டிக்கொண்டுதான் திரிகிறேன், அரபிக்காரிக்குப் புட்டு அவிச்சுக் குடுத்து அங்கையே நிண்டிடாதையுங்கோ என்று. பிறகு குசினிக்குள் போய்க் கிடாரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சும்மா நிற்கிறேன்.

நான் சொன்னதாக அவரிடம் மூச்சுவிடாதே. வழமை போல எத்தனை பேர் வந்தார்கள் என்று சந்தோசமாகவே சொல்லிக்கொண்டிரு. மருமகன் தலையை மூடிக்கொண்டு வெளியே போகட்டும், நீ நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணாடியை மாற்று. நகுலேஸ்வரர் உங்கள் இரண்டு பேரையும் ஒரு நாளும் பிரிக்காமல் வைத்திருக்கட்டும், நீங்கள் நூறாயுசுக்கு நன்றாக இருக்க வேண்டும்.

முக்கியமாக ஒன்று, மறந்துவிடாதே. அந்தப் பக்கத்தில் இருக்கிற போன் நம்பர் கொப்பருடையது, அந்தப் போனைத்தான் கொண்டு போகிறார். தைப்பூசத்துக்கு முதல் அந்த நம்பரை எடுத்துவிடு. ஆரும் கூப்பிட்டால் மனுசன் கட்டாரில் நின்றுகொண்டே, ஓம் ஓம், அறை இருக்கு, சமையலும் இருக்கு, வாங்கோ என்று சொல்லிப்போடுவார்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா
பாலேஸ்வரி சுதாகரன்