கழுவுகரடியின் கிண்ணம்

1774 ஜூன் 3

நாள் முழுக்கக் கிளிகள். நாற்பது கிளிக்குப் பச்சை வைத்தேன். டாக்டர் ரீட்லைன் எழுதும் மிருகப் புத்தகத்துக்கு நூரம்பெர்க்கில் நிறம் வைப்பது எங்கள் வீடுதான். மகன் ஸேபால்ட் வரைவான். அது செப்புத் தகட்டில் ஏறி, அச்சாகித் தாள் தாளாக வரும். நானும் மருமகள் உர்சுலாவும் ஒவ்வொன்றுக்கும் வண்ணம் போடுவோம்.

என் பச்சையைப் பார்த்து, "சமையல்காரி வேகவச்ச கீரை மாதிரி இருக்கு" என்றவர் இந்த டாக்டர். 1758, மார்ச், செவ்வாய்க்கிழமை. பத்துப் பேர் நின்றார்கள். யார் யார் சிரித்தார்கள் என்றுகூடச் சொல்வேன்.

நான் எழுத்துப் படித்தது வண்ணப் பொட்டலங்களின் மேல் இருந்த பெயர்களைப் பார்த்து. எழுதுவது கெட்டுப்போன தாள்களின் முதுகில். அதனால் என் எழுத்து இப்படித்தான் இருக்கும்.

நாளை டாக்டரின் தோட்டத்துக்குப் போகிறோம். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த கழுவுகரடியை ஸேபால்ட் வரையவேண்டும். ஆங்கிலக்காரர்கள் ரக்கூன் என்பார்களாம். எதைக் கொடுத்தாலும் தண்ணீரில் அலசித்தான் தின்னுமாம்.

ஜூன் 4

பார்த்தேன். கண்ணைச் சுற்றிக் கரி பூசியதுபோல் கறுப்பு. முன்னங்கால்கள் கால்களே இல்லை — கைகள். இரண்டு வயதுக் குழந்தையின் கைகள், கறுப்பாக. வாயோரம் எச்சில் நூலாகத் தொங்கியது.

தோட்டக்காரர் எண்டரெஸ் முதலிலேயே சொன்னார். "மூணு நாளா இது தண்ணிப் பக்கமே போகலைங்க. போன மாசம் ஒரு தெருநாய் வேலிக்குள்ள பூந்து இதைக் கடிச்சுது. இப்பக் கிண்ணத்தைக் கண்டாலே உடம்பை உதறுது."

டாக்டர் காதில் வாங்கவில்லை. "கழுவுகரடி கழுவாம நின்னா எவன்யா நம்புவான்? இதுக்கு முன்னாடி வந்த புஸ்தகம் அத்தனையிலயும் கிண்ணத்தோடதான் இருக்கு. கையைப் பிடிச்சு உள்ள வை."

எண்டரெஸ் கோலால் தள்ளினார். கிண்ணம் சாய்ந்தது. ஸேபால்ட் அதைப் பிடிக்கப் போனான். மிருகம் அவன் கட்டைவிரலுக்குக் கீழே சதையில் கடித்துவிட்டது.

கடித்த பிறகு தண்ணீரைப் பார்த்து ஒரு சத்தம் போட்டது. மனுஷன் விக்குவதுபோல.

ஸேபால்ட் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வரைந்து முடித்தான். படத்தில் அது இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டு, சமர்த்தாகக் கழுவிக்கொண்டிருக்கிறது.

ஜூன் 6

மிருகம் செத்துவிட்டதாம். டாக்டர் தோலை உரித்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.

ஜூலை 21

கடித்த இடம் நன்றாக ஆறிவிட்டது. தகடு முடிந்து இருநூறு தாள் வந்தது. ஸேபால்ட் மாதிரித் தாளுக்கு வண்ணம் போட்டான், டாக்டர் ஓரத்தில் கையெழுத்து வைத்தார். இனி இருநூறும் அதன்படிதான். மயிரிழை மாறக்கூடாது. எங்கள் முறை — முதலில் எல்லாத் தாளிலும் காவி, அது காய்ந்தபின் எல்லாவற்றிலும் கறுப்பு, கடைசியில் நீலம். இதில் நீலம் தண்ணீருக்கு மட்டும்.

ஆகஸ்ட் 8

காவி முடிந்தது. அறை முழுக்கக் கயிறு கட்டி ஐம்பது ஐம்பதாகக் காயப்போட்டிருக்கிறோம். காற்று வந்தால் ஐம்பது மிருகமும் ஐம்பது கிண்ணத்தின் மேல் குனிந்து நிமிர்கின்றன.

ஸேபால்ட் சொன்னான், "ஜன்னலைச் சாத்தும்மா. காத்து கழுத்தைப் பிடிக்குது."

வெளியே நல்ல வெயில். இலைகூட அதிகம் ஆடவில்லை. கடிபட்ட கையில் எறும்பு ஊர்கிறது என்றும் சொன்னான். பார்த்தேன். தழும்பு மட்டும்தான்.

ஆகஸ்ட் 9

தூரிகை அலசுகிற சட்டியை ஒரு துணியால் மூடினான். சிறிது நேரம் கழித்து எடுத்துக்கொண்டு போய் வெளியே வைத்தான்.

"அது இல்லாம எப்படிடா வேலை செய்யறது?"

"தெரியலம்மா. அது அங்க இருந்தா எனக்கு மூச்சு விட முடியல."

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. உர்சுலாவிடம் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் போல இருந்தது.

ஆகஸ்ட் 10

உர்சுலா பீர் ஊற்றிக் காய்ச்சிய கஞ்சி கொண்டுவந்தாள். தாகம் தாகம் என்கிறான், கிண்ணத்தைக் கையில் வாங்குகிறான், உதட்டுக்குக் கிட்டே வந்ததும் தொண்டை இழுத்துக்கொள்கிறது. கஞ்சி சுவரெல்லாம்.

அதே சத்தம். ஜூன் நாலாம் தேதி தோட்டத்தில் கேட்டேனே, அதே சத்தம். என் பிள்ளை தொண்டையிலிருந்து.

டாக்டரைக் கூட்டி வந்தேன். எண்டரெஸ் சொன்னதையெல்லாம் ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னேன். "வெறிநோய் நாய்க்கும் ஓநாய்க்கும்தாம்மா. இந்த மிருகத்துக்கு வந்ததா எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல. இது நரம்புக் காய்ச்சல்" என்றார்.

"புஸ்தகத்துல இல்லன்னா என் பிள்ளைக்கு எப்படி வந்துது?"

டாக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 11

புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது. அதுதான் கொடுமை. "உர்சுலாவைக் கிட்ட விடாதே. என் கையைக் கட்டும்மா" என்றான். கட்டினேன். இருபத்தொன்பது வருஷம் முன்னால் துணியில் சுற்றினேன் இந்தக் கைகளை.

கயிற்றில் தொங்கும் தாள்களைப் பார்க்க முடியாமல் தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். "அதுல தண்ணி இருக்கும்மா."

"இல்லடா. இன்னும் நீலம் வைக்கல. வெறும் தாள்."

"வைக்காதே. அது அன்னிக்குத் தண்ணியைத் தொடல. நான் பொய்யா வரைஞ்சுட்டேன்."

ஆகஸ்ட் 12

போய்விட்டான். காலை ஒன்பது மணிக்கு. நாக்கு கட்டையாக இருந்தது.

ஆகஸ்ட் 14

தேவாலயப் பதிவேட்டில் நரம்புக் காய்ச்சல் என்று எழுதியிருக்கிறார்கள். டாக்டர் சொன்னாராம். குழிமேட்டில் என் கையைப் பிடிக்க வந்தார். நான் கையைக் கொடுக்கவில்லை.

செப்டம்பர் 2

கறுப்பும் முடிந்தது. இருநூறு முகத்துக்கும் கண்ணைச் சுற்றிக் கரி பூசியாயிற்று. நேற்றுக் கண்ணுக்குள் புள்ளி வைக்கும்போது ஒன்று என்னைப் பார்த்தது. அது போகட்டும், வயசான கண்.

நீலத்தை அரைக்கவே இல்லை. முந்தாநாளே உர்சுலா கேட்டாள்.

"அத்தை, மாதிரித் தாள்ல தண்ணி இருக்கே. கிண்ணத்தைக் காலியா விட்டா அவரு பாக்கமாட்டாரா? இந்த வேலையும் போயிட்டா அப்புறம் நாம யார் வாசல்ல போய் நிக்கறது?"

"பாக்கட்டும். பாத்துட்டுக் கேக்கட்டும். கேட்டா சொல்றேன். கழுவாத மிருகம், காலிக் கிண்ணம். வாங்குறவங்க எல்லாரும் கேக்கட்டும், ஏன் தண்ணி இல்லன்னு."

"புருஷனும் இல்ல, சோறும் இல்லன்னு ஆக்கப்போறீங்க."

இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. பேசவேண்டாம். அவளுக்கும் கோபப்பட உரிமை இருக்கிறது.

செப்டம்பர் 9

இருநூறையும் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். ஒரு கிண்ணத்திலும் ஒரு பொட்டு நீலம் இல்லை.

செப்டம்பர் 20

டாக்டரின் ஆள் வரவில்லை.

அக்டோபர் 5

வரவில்லை. பார்த்திருப்பார். பார்க்காமல் இருக்க முடியுமா?

அக்டோபர் 29

டாக்டரே வந்தார். நான் நாற்காலி போடவில்லை, நின்றுகொண்டே பேசினார். கோத்தாவிலிருந்து ஒரு பிரபு கடிதம் எழுதியிருக்கிறாராம். படித்துக் காட்டினார். புத்தகத்திலேயே சிறந்த தாள் கழுவுகரடியாம். இவ்வளவு தெளிந்த தண்ணீரை எந்தப் படத்திலும் கண்டதில்லையாம். எடுத்துக் குடிக்கலாம் போலிருக்கிறதாம்.

"மாதிரித் தாள்ல இருந்த நீலத்தைவிட இது எவ்வளவோ மேல், குனிகுண்டாம்மா. எனக்கே முதல்ல புரியல, என்ன கலந்தீங்கன்னு."

"ஒண்ணும் கலக்கல. அது தண்ணி இல்ல. வெறும் தாள். கிண்ணம் காலி. உங்க மிருகம் தண்ணியைத் தொடலைங்கறதுக்காகக் காலியா விட்டேன்."

சிரித்தார். "தொழில் ரகசியத்தை யார்தான் சொல்வாங்க? இன்னும் இருநூறு வேணும். இதே மாதிரி."

அவர் போனபின், மாதிரிக்கு அவர் விட்டுப்போன தாளை உர்சுலா ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். "அத்தை… நெசமாவே இருக்கு" என்றாள்.

நானும் பார்த்தேன். அறுபத்தேழு வயதில் எத்தனை ஆயிரம் தாள் பார்த்திருக்கிறேன். நான் தொடாத இடம் அது. ஆனால் மிருகத்தின் விரல்கள் பாதிக்கு மேல் முங்கியிருந்தன. விளிம்புவரை தண்ணீர். குளிர்ந்த, அடி தெரிகிற தண்ணீர். உர்சுலா தாளைச் சாய்த்தபோது சிந்திவிடுமோ என்று என் கை தானாக முன்னால் போனது.

அக்டோபர் 31

புது இருநூறு வந்துவிட்டது. காலையிலிருந்து உர்சுலா கயிறு கட்டிக்கொண்டிருக்கிறாள். பேசுகிறாள் இப்போது.

நான் கிண்ணத்துக்கு நிறம் அரைத்து முடித்தேன். நீலம் இல்லை. வெறும் தாளாகவும் விடப்போவதில்லை. ஸேபால்ட்டின் குழிமேட்டில் மழைக்குப் பிறகு இருக்கிற பழுப்பு. கெட்டியாக, விளிம்புவரை, மண்.