மூன்றாவது கியரில் ஏறாத வண்டி

மார்ச் 3, செவ்வாய்

ஃபிரிட்ஜ் கதவில் பேத்தி ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறாள். ஏர் பில்டர். பிளக் மூன்று. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் விடுகிற பெரிய ஜெட். அகலமான சைலன்சர் குழாய். கடைசி வரியில் 'பாட்டி சம்மதம்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. மற்றதெல்லாம் கடையில் கிடைக்கும், இது கிடைக்குமா என்று சந்தேகம் போலிருக்கிறது.

வருகிற 29ஆம் தேதி சின்ன கார்களுக்கு மேடேறும் போட்டியாம். ஒவ்வொரு வண்டியாக மலைப்பாதையில் விட்டு நேரம் பார்ப்பார்களாம். அவளுக்கு லிப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை. வாரம் முழுக்க மேலே போய்க் கீழே வருகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஏறித்தான் ஆக வேண்டுமா? அவள் பாடு. ஆனால் ஓட்டப் போவது என் வண்டி.

"உன் வண்டிக்கு மூச்சு போதலை பாட்டி. கொஞ்சம் டியூன் பண்ணினா பறக்கும்."

மூச்சு போதாதது எனக்குத் தெரியாதா? இருபத்தாறு வருஷமாகத் தெரியும். யாரால் என்பதும் தெரியும்.

மார்ச் 4, புதன்

சம்மதித்துவிட்டேன். ஒரே ஒரு நிபந்தனை. என் தம்பி அந்த இன்ஜினுக்குள் என்ன திருட்டு வேலை செய்து வைத்திருக்கிறான் என்று பார்த்து எனக்குச் சொல்ல வேண்டும்.

பேத்திக்கு முழுக்கதை தெரியாது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுதுவதில் தப்பு வரும். ஞாபகத்தில் வராது.

அப்போது தம்பி இன்ஜின் பட்டறை வைத்திருந்தான். எங்கள் மருந்துக் கடையிலிருந்து வீடுகளுக்கு மருந்து கொண்டுபோக ஒரு வண்டி வேண்டும் என்றேன். பழைய வண்டி ஒன்றைப் பிடித்து, இன்ஜினைப் பிரித்து, தன் கையாலேயே கட்டிக் கொடுத்தான். ஓட்டியது நான். என் வீட்டுக்காரருக்கு ஸ்டியரிங்கைப் பார்த்தாலே வேர்க்கும். மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருவார்.

முதல் மாதம் வண்டி குதிரை. அப்புறம் ஒரே வாரத்தில் கிழடு தட்டிப்போனது. சமதரையில் போகும், மேட்டைக் கண்டால் நொண்டும். தம்பி வீடோ மேட்டுத் தெரு உச்சியில். ஜூன் 9, வெள்ளிக்கிழமை, காலை பத்தேகால். அம்மாவைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு அங்கே போனேன். பாதி மேட்டில் வண்டி நின்று, பின்னால் உருண்டது. தெருவே கூடித் தள்ளியது. அம்மா இறங்கி நடந்தாள். தம்பி இறங்கி வந்து பானெட்டைத் திறந்தான். நீலச் சட்டை, மூன்றாவது பொத்தான் இல்லை. உள்ளே கையை விட்டு எதையோ இழுத்தான், இன்ஜின் நன்றாக உறுமியது. அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "இன்ஜின்ல ஒண்ணுமில்ல. ஓட்டுற கால்லதான் கோளாறு."

சிரித்தார்கள். யார் யார் என்று கேட்டால் இப்போதும் வரிசையாகச் சொல்வேன்.

நானும் விடவில்லை. "கூடப் பிறந்தவ தலையிலயே செத்த இன்ஜினைக் கட்டினவன்டா நீ" என்றேன். அதோடு சரி. அப்புறம் நான் அவன் வாசலை மிதிக்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் போனபோது வந்து கேட்டுக்கு வெளியே நின்றான். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

சண்டைக்குப் பிறகு இரண்டே வருஷத்தில் பட்டறையை மூடிவிட்டு டயர் கடை வைத்தான். மடியில் கனமில்லாதவன் எதற்குத் தொழிலை மாற்றுகிறான்?

மார்ச் 7, சனி

பிளக் மூன்றையும் கழற்றி என்னிடம் காட்டினாள். நுனி பிஸ்கட் நிறத்தில் இருந்தது. அது நல்ல நிறமாம். பிறகு பிளக் இருந்த ஓட்டைகளில் ஒவ்வொன்றாக ஒரு மீட்டரைத் திருகி, உள்ளே எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்று பார்த்தாள்.

"மூணும் ஒரே அளவு பாட்டி. இத்தனை வருஷம் ஓடின இன்ஜின் மாதிரியே இல்ல. கட்டினவர் கை ரொம்ப சுத்தம்."

மறுபடி பார்க்கச் சொன்னேன். பார்த்தாள். அதே அளவு. மீட்டர் கெட்டிருக்கும் என்றேன். புது மீட்டராம். அவளுக்கு இன்று நான் டீ போட்டுத் தரவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

புது பில்டர், பெரிய ஜெட், புது பிளக், எல்லாம் போட்டாயிற்று. ஓட்டிப் பார்க்கப் போனோம். பாலத்து ஏற்றத்தில் அதே நொண்டல். மூன்றாவது கியரில் ஏறவில்லை, இரண்டுக்கு வரவேண்டியதாயிற்று. பேத்தியின் முகம் சுண்டிப்போனது.

எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். இருந்தது, எழுதுகிறேன்.

மார்ச் 9, திங்கள்

அவன் கை பட்ட வண்டி. எதை மாட்டினாலும் இப்படித்தான்.

மார்ச் 14, சனி

இன்றைக்கே எழுதியாக வேண்டும். எழுத்து கோணினால் கோணட்டும்.

காலையில் பேத்தி பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, என்னை ஓட்டுகிற சீட்டில் உட்காரச் சொன்னாள். கார்புரேட்டருக்குள் ஒரு வட்டத் தகடு இருக்கிறதாம். ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த அது திறந்து இன்ஜினுக்குக் காற்று விடவேண்டுமாம்.

"அழுத்து பாட்டி."

"அழுத்திட்டேன்."

"முழுசா அழுத்து."

"முழுசாத்தான்டி அழுத்தியிருக்கேன். இதுக்கு மேல அழுத்தினா ரோட்டுல கால் வெச்சு நடக்கணும்."

பானெட்டுக்குள் இன்னும் குனிந்தாள். பிறகு என்னை இறங்கி வந்து பார்க்கச் சொன்னாள். அவள் கையால் கம்பியை இழுத்தால் தகடு முழுக்கத் திறக்கிறது. அவளே உள்ளே போய்க் காலால் அழுத்தினால் பாதிதான் திறக்கிறது. இத்தனை வருஷம் வந்த மெக்கானிக் ஒவ்வொருத்தரும் தனி ஆள். முன்னால் நின்று கையால் இழுத்துப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று போனவர்கள். தம்பியும் அன்றைக்கு அதைத்தான் செய்தான். ஒருத்தர் மிதிக்க, ஒருத்தர் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

பெடலுக்கு அடியில் இருந்த தரைவிரிப்பைக் கத்தியால் கிளப்பினாள். அந்த இடம் எப்போதும் கொஞ்சம் உப்பலாகத்தான் இருக்கும், தண்ணீர் ஊறியது என்று நினைத்திருந்தேன். உள்ளே இரண்டு ரப்பர் மூடிகள். ஒன்றின் மேல் ஒன்று வைத்து, வெள்ளை நூலால் கட்டி, தரையோடு பசை போட்டு ஒட்டியிருந்தது. பெடல் அதில் முட்டித்தான் நின்றிருக்கிறது.

எங்கள் கடையில் பெரிய மருந்து ஜாடிகளுக்கு வருகிற மூடி. நான் கழுவிக் காயவைத்த மூடி. நூலும் கடை நூல். முடிச்சு, இரண்டு சுற்று சுற்றி அடியில் இழுத்து விடுகிற முடிச்சு. பொட்டலத்துக்கு அப்படி முடிச்சுப் போடுகிறவர் உலகத்தில் ஒருத்தர்தான்.

என்ன மனுஷன்யா நீ.

மார்ச் 15, ஞாயிறு

உட்கார்ந்து தேதிகளைக் கூட்டினேன். மே 6, சனிக்கிழமை. வளைவில் ஒரு பால் லாரியை முந்தினேன். எதிரே பஸ். நூலிழையில் தப்பினோம். அவர் மடியிலிருந்த பை கீழே விழுந்து இருமல் மருந்து உடைந்தது. மெல்லப் போயேன் என்றார். நான் சிரித்தேன். பயமாக இருந்தால் பின்னால் நடந்து வாங்க என்றேன். அடுத்த வியாழக்கிழமைதான் வண்டி முதன்முதலாக நொண்டியது.

இத்தனையும் ஞாபகம் இருந்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் இல்லை.

இன்னொன்றும். தம்பியை நான் திட்ட ஆரம்பித்தால் அவர் துணியை எடுத்துக்கொண்டு வண்டியைத் துடைக்கப் போய்விடுவார். ஓட்டத் தெரியாதவருக்கு வண்டி மேல் எவ்வளவு ஆசை என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். தெருவிலேயே பளபளப்பான வண்டி எங்களுடையதுதான்.

மார்ச் 16, திங்கள்

அவர் படத்துக்கு இன்று தூசி தட்டவில்லை.

மார்ச் 18, புதன்

மூடிகள் இல்லாத வண்டியை நானே எடுத்துக்கொண்டு மேட்டுத் தெருவுக்குப் போனேன். மூன்றாவது கியரில், நிற்காமல் ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்தது. வயசானால் காற்றுக்கு வரும்.

தம்பி வீட்டுக்கு முன்னாலேயே டயர் கடை. டயர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவன் எழுந்து வந்தான். தலை முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்தான், கீழே சக்கரத்தைப் பார்த்தான்.

"டயர் மாத்தணுமா?"

வாடிக்கையாளரைக் கேட்கிற மாதிரி. என் ரத்தம்தான், சந்தேகமே இல்லை.

மூடிகளை நீட்டினேன். பெடலுக்கு அடியில் இருந்தது என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். முடிச்சில் விரலை வைத்தான்.

"மாமா வேலையா?"

தலையாட்டினேன். ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டான். மூடியைப் பார்த்தபடியே பேசினான். "அந்த இன்ஜினை இருபத்தாறு வருஷமா மனசுக்குள்ளயே பிரிச்சுப் பிரிச்சு மாட்டிக்கிட்டு இருக்கேன். எங்க தப்பு விட்டேன்னு தெரியல. அது தெரியாம இன்னொருத்தருக்கு எப்படிக் கட்டிக் குடுக்கறது?"

அதனால்தான் டயர்.

வழியெல்லாம் வார்த்தைகளை யோசித்து வைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. "இன்ஜின்லயும் கோளாறு இல்ல, என் கால்லயும் கோளாறு இல்ல" என்று மட்டும் சொன்னேன். அவன் மூடிகளைத் திருப்பித் தந்தான். உள்ளே வா என்று சொல்லவில்லை. ஒரு தடவைகூட அக்கா என்று கூப்பிடவில்லை. கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

கிளம்பும்போது பேத்தி, போட்டி, அவளுடைய பட்டியல் எல்லாவற்றையும் சொன்னேன். டியூனிங்குக்கு ஆள் இல்லை என்றும் சொன்னேன். அவன் ஒரு டயரை உருட்டிக்கொண்டு உள்ளே போனான்.

மார்ச் 21, சனி

பேத்தி புறவழிச் சாலையில் ஓட்டிக் காட்டினாள். வண்டி பழைய குதிரை. "யாரும் முழுசா ஓட்டவே இல்ல, அதான் இன்ஜின் புதுசு மாதிரி இருக்கு. தாத்தாவுக்கு நன்றி சொல்லணும்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு லாரியை முந்தினாள். என் கை தானாகக் கைப்பைக்குள் போய் அந்த மூடிகளைப் பிடித்துக்கொண்டது.

அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

"மெல்லப் போடி, எனக்கு பயமா இருக்கு" என்றேன். அவள் வேகத்தைக் குறைத்தாள். அவ்வளவுதானே? பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல இருபது வருஷம் போதவில்லையா அவருக்கு? தம்பியை நான் வாய்க்கு வந்தபடி பேசும்போதாவது?

சொல்லியிருந்தால் நான் குறைத்திருப்பேனா?

அதற்குப் பதில் தெரியும். எழுத மாட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

வரவில்லை.

மார்ச் 25, புதன்

வரவில்லை. பேத்தி பிளக்கில் பொறி விழுகிற நேரத்தை, டைமிங்காம், தானே வைக்கப் பார்த்து, இன்ஜின் தட்டுகிறது என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் வாசலைப் பார்த்தால் யாரைப் பார்க்கிறாய் என்று கேட்கிறாள். தபால்காரரை என்றேன்.

அவர் படத்தைத் துடைத்தேன். மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. தூசி அதிகம்.

மார்ச் 28, சனி

காலை எட்டரை. கேட் சத்தம். தம்பி. கையில் பழைய கருவிப் பெட்டி, பூட்டில் துரு. என்னிடம் ஒன்றும் பேசாமல் நேராக வண்டிக்குப் போனான். பேத்தி பட்டியலைக் காட்டினாள். சைலன்சர் குழாய் வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டான், அது வெறும் சத்தத்துக்குத்தானாம். வால்வு இடைவெளியைப் பார்த்தான். டைமிங்கைக் காதால் கேட்டே வைத்தான். மூன்று மணி நேரம். டீயைக் கொண்டுபோய் வைத்தேன், குடித்தான்.

கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு பானெட்டுக்கு முன்னால் நின்றான். பேத்தி சீட்டில் உட்காரப் போனாள். வேண்டாம் என்று கை காட்டிவிட்டு என்னைப் பார்த்தான்.

நான் போய் உட்கார்ந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு அழுத்தினேன். தரை வரைக்கும்.

குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

"முழுசா திறக்குது அக்கா."