ஒரே பெயர், இரண்டு அர்ச்சனை

ஆடி முதல் வெள்ளி. இரவு.

கொரட்டூர் அம்மன் கோயிலில் அலங்காரத்துக்காகத் திரை போட்டிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் அப்பா நின்றிருந்தார். எங்களை விட்டுவிட்டு அவர் குடித்தனம் நடத்தும் பெண்ணும் அவள் குழந்தையும் பக்கத்தில். பூசாரி கேட்டதும் "குமார், ரோகிணி" என்று தன் பெயரையும் நட்சத்திரத்தையும், பிறகு அவர்கள் பெயர்களையும் சொன்னார். எங்கள் பெயர் இல்லை. திரும்பியவர் என்னைப் பார்த்தார்; தெரியாதவர்போல் நகர்ந்துவிட்டார்.

அடுத்து அம்மா. வழக்கம்போல் முதலில், "குமார், ரோகிணி" என்றாள்.

"இதே பேர இப்பதானேம்மா சொன்னாங்க?" என்றார் பூசாரி.

"இன்னொருக்கா சொல்லு நைனா. ஆத்தா காதுல நல்லா வுழட்டும்."

முதல் தடவையே விழுந்திருக்குமே. கேட்டுவிட்டும் திரைக்குப் பின்னால் சும்மாவா இருந்தாள் அம்மன்? கோபத்தில் செருப்பு விட்ட இடம்வரை போய்விட்டேன். மணி அடித்தது. திரை விலகுவதற்குள் ஓடிவந்து அம்மா பக்கத்தில் நின்றேன். ஏன் ஓடினேன் என்று தெரியவில்லை.