ஏரிக்கரையில் ரிவர்ஸ்

சித்தூர்,
17-5-1960.

அன்பு மகன் தியோடருக்கு, கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் உன் நைனாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்த பிலாய் வெயிலில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் வராமல் வேலைக்குப் போய் வருகிறாய் என்று நம்பி அம்மா எழுதுவது. உன் தங்கை லோயிஸுக்கு சனிக்கிழமை கல்யாணம் நல்லபடியாக முடிந்தது என்று நைனா அடித்த தந்தி வந்திருக்கும். நாலு வார்த்தையில் அவர் முடித்துவிட்டார். அந்த நாலு வார்த்தைக்குப் பின்னால் நடந்ததை எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது. நீ வர முடியவில்லையே என்று அன்றைக்கு எத்தனை தடவை நினைத்தேன் தெரியுமா, உன் ஒரே தங்கை கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்தது யார் என்று நினைக்கிறாய், நான்தான். இதை எழுதும்போதே கை பரபரக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ போன பிறகு நைனா ஒரு பழைய ஆஸ்டின் கார் வாங்கியதும், ஆஸ்பத்திரி டாக்டரம்மா பள்ளிக்கூட மைதானத்தில் எனக்கு ஜீப் ஓட்டக் கற்றுக்கொடுத்து லைசென்ஸ் எடுக்க வைத்ததும் உனக்குத் தெரியும். ஆனால் லைசென்ஸ் என் பெட்டியில்தான் தூங்கிக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்து சர்ச்சு வரைக்கும்தான் நான் ஓட்டலாம், பெரிய ரோட்டுக்குப் பொம்பளை போகக்கூடாது என்பது நைனாவின் சட்டம். அவர் ஓட்டும் அழகை நீ பார்த்ததில்லையே. எதிரே தூரத்தில் ஒரு லாரி தெரிந்தாலே வண்டியை மண்ணில் இறக்கி நிறுத்தி, அது வந்து, போய், புழுதி அடங்கிய பிறகுதான் மறுபடி ஏற்றுவார். மாட்டு வண்டியைத் தாண்ட மாட்டார், அதன் பின்னாலேயே ஊர்வலம். அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது, நம் பக்கத்து ரோடு அப்படி. பலமனேரிலிருந்து காய்கறி ஏற்றி வருகிற லாரிக்காரன் கையை வெளியே நீட்டினால் அவன் வலது பக்கம் திரும்பப் போகிறானா, நம்மைத் தாண்டச் சொல்கிறானா, வெற்றிலை துப்பப் போகிறானா என்று அவனுக்கே தெரியாது. வெல்ல வண்டிக்காரர்கள் மாட்டை நம்பித் தூங்கிவிடுகிறார்கள். ஆரன் அடித்தால் மாடு திரும்பிப் பார்க்கிறது, ஆள் பார்ப்பதில்லை.

இனி கல்யாண நாளுக்கு வருகிறேன். மாப்பிள்ளை சுந்தர்ராஜுக்கு திருப்பதி ரயில்வேயில் வேலை என்பது தெரியும்தானே. அவர் வீட்டார் எல்லாரும் முந்தின நாளே ரயிலில் வந்து இறங்கிவிட்டார்கள். அவருக்கு மாற்று ஆள் வந்தபிறகுதான் ட்யூட்டியை விட முடியும் என்பதால் சனிக்கிழமை காலையில் வாடகைக் காரில் கிளம்பி வருவதாக ஏற்பாடு. கல்யாணம் சாயங்காலம் நாலு மணிக்கு. மத்தியானம் சாப்பாடு ஆகியும் ஆள் வரவில்லை. பிறகு ஒரு பஸ் கண்டக்டர் வீட்டு வாசலில் இறங்கி, பாகாலைத் தாண்டி ஒரு கார் அச்சு முறிந்து நிற்கிறது, கோட்டு போட்ட பையன் ஒருவர் இந்த விலாசத்தில் சொல்லச் சொன்னார், திருப்பதி கங்கம்மா கோயில் ஜாத்திரைக் கூட்டத்தில் எந்த பஸ்ஸிலும் கால் வைக்க இடமில்லை என்று சொல்லிவிட்டுப் போனான். ஊரில் வாடகைக் கார் ஒன்று பாக்கியில்லை, எல்லாம் ஜாத்திரைக்குப் போய்விட்டன. போதகரிடம் ஓடினோம். அவர் சட்டப்படி ஏழு மணிக்கு மேல் கல்யாணம் நடத்த முடியாது, விடிந்தால் தான் வேலூர் போகவேண்டும், அங்கே கூட்டம் முடிந்து திரும்ப ஒரு வாரம் ஆகும் என்றார். அதற்குள் பந்தலில் பேச்சு கிளம்பிவிட்டது. போன மாதம் ஆந்திராவுக்கும் மெட்ராஸுக்கும் எல்லை பிரித்ததும் பையன் மெட்ராஸ் பக்கம் மாற்றல் கேட்டிருக்கிறானாம், இந்தப் பக்கத்துப் பெண் வேண்டாம் என்று நழுவிவிட்டானாம், அச்சு முறிந்ததெல்லாம் கட்டிவிட்ட கதையாம். யார் சொன்னது என்று எழுதமாட்டேன், நம் சொந்தம்தான். அந்தப் பேச்சு லோயிஸ் காதிலும் விழுந்துவிட்டது. வெள்ளைப் புடவை கட்டி முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த பெண், அழவில்லை, தலையில் வைத்த பூவை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகு எனக்கு நிற்க முடியவில்லை. நைனாவிடம் போய் நாமே போய்க் கூட்டிவருவோம் என்றேன்.

நைனாதான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். மார்க்கெட்டைத் தாண்டுவதற்குள் இரண்டு இடத்தில் மண்ணில் இறக்கிவிட்டார். மூன்றாவதாக ஒரு காலி டிராக்டருக்கு வழிவிட்டு அவர் நிறுத்தியபோது, இறங்குங்க, நான் ஓட்டறேன் என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு குரலில் நான் அவரிடம் பேசியதில்லை. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், பிறகு இறங்கிச் சுற்றி வந்து இந்தப் பக்கம் உட்கார்ந்தார். பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓட்டினேன் பார். முதல் லாரி எதிரே வந்தபோது நைனாவின் கால் தானாகத் தரையில் பிரேக்கை மிதித்தது, அங்கே பிரேக் இல்லையே. லாரியும் நானும் ஆளுக்குப் பாதி ரோடு எடுத்துக்கொண்டு போனோம், அவ்வளவுதான். எனக்குப் பயத்தைவிட சந்தோஷம்தான் அதிகமாக வந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. பாகாலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மாப்பிள்ளை ஒரு மைல் கல் மேல் கோட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். கார் நின்றதும் எழுந்தார், ஸ்டியரிங்கில் என்னைப் பார்த்து, அத்தை, நீங்களா என்றார். ஏறுங்க மாப்பிள்ளை, பேச நேரமில்ல என்றேன்.

திரும்பி வரும்போதுதான் அந்த ஏரிக்கரை. பூதலப்பட்டுக்கு முன்னால் ரோடு ஒரு ஏரிக்கரை மேல் கால் மைல் போகிறது, ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் பள்ளத்தில் நெல் வயல், ஒரு வண்டிதான் போகலாம். எங்களுக்கு முன்னால் போன சித்தூர் பஸ் பாதிக் கரையில் நின்றுவிட்டது. எதிரே கருங்கல் ஏற்றிய ஒரு மெட்ராஸ் லாரி. மூக்கும் மூக்கும் இடிக்காத குறை. யாரும் பின்னால் எடுக்கமாட்டேன் என்கிறார்கள். லாரிக்குப் பின்னால் மாட்டு வண்டி வரிசை, எங்கள் காருக்குப் பின்னாலும் பாலையா என்பவருடைய வெல்ல வண்டி ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. நான் இறங்கிப் போய்ப் பார்த்தால் இரண்டு டிரைவரும் ரோட்டைப் பற்றிப் பேசவே இல்லை, எல்லையைப் பற்றிப் பேசுகிறார்கள். பஸ் டிரைவர் முனிகிருஷ்ணன், இது ஆந்திரா, வெளியூர் வண்டிதான் பின்னால போவணும் என்கிறார். லாரிக்காரர் அரக்கோணத்துக்காரர், அவரோ, திருத்தணியே எங்க பக்கம் வந்தாச்சி, நீ இன்னாய்யா ஏரிக்கரைக்கு மல்லுக் கட்டறே என்கிறார். பஸ்ஸிலிருந்து ஜாத்திரை சனம் தெலுங்கில் ஒரு பக்கம், தமிழில் ஒரு பக்கம் கூச்சல். சூரியன் இறங்கிக்கொண்டிருக்கிறது. நான் நடுவில் போய் நின்று சொன்னேன்: "நான் பொறந்தது திருத்தணி, அது அந்தப் பக்கம் போயிடுச்சி. எங்க வூட்டுக்காரர் சத்தியவேடு, அது இந்தப் பக்கம் வந்துடுச்சி. நாங்க ரெண்டு பேரும் ஒரே வூட்லதான் கீறோம். எங்க பொண்ணு கல்யாணம் ஏழு மணிக்குள்ள நடக்கணும், மாப்பிள்ளை கார்ல கீறாரு. யாராவது ஒருத்தர் பின்னால எடுங்க." இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். கல் லாரி அந்தக் கரையில் பின்னால் போனால் ஏரிக்குள்தான் போகும் என்று முனிகிருஷ்ணனுக்கும் தெரியும், ஆனால் அத்தனை பேர் எதிரில் அவர் எப்படி இறங்கிவருவார். என்னை மேலும் கீழும் பார்த்து, "என் பின்னால உங்க காரு நிக்குதும்மா. மொதல்ல நீ அத்தெ கரை முடியற மட்டும் பின்னால எடு, நான் எடுக்கறேன்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

நான் காருக்கு வந்து நைனாவிடம், மைதானத்தில் நான் பத்தடிதான் பின்னால் எடுத்திருக்கிறேன், இது கால் மைலில் பாதி, நீங்கள் எடுங்கள் என்று சொன்னேன். அவர் குனிந்து மெதுவாக, "எனக்கு ரிவர்ஸ் வராது சௌந்தரி. கத்துக்கவே இல்ல" என்றார். தியோடர், அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எதிரே வண்டியைக் கண்டாலே மண்ணில் இறக்கி நிற்பதெல்லாம் இதற்குத்தான். ஒரு தடவை குறுகிய இடத்தில் மாட்டிக்கொண்டால் மீள வழி தெரியாது என்ற பயத்தை யாரிடமும் சொல்லாமல் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறார். சரி, நீங்கள் பின்னால் நடந்து கை காட்டுங்கள் என்றேன். அதற்கும் முன்னால் வெல்ல வண்டி போகவேண்டும். பாலையா, "எருதுக்குப் பின்னால போவத் தெரியாதுங்க, அவுத்துட்டு நாமதான் தள்ளிக்கினு போவணும்" என்றார். மாப்பிள்ளை கோட்டைக் கழற்றிக் காரில் எறிந்துவிட்டு நுகத்தடியைப் பிடித்தார். கல்யாண மாப்பிள்ளையும் பாலையாவும் வெல்ல வண்டியைப் பின்னால் தள்ள, அதற்குப் பின்னால் நைனா, அவரைப் பார்த்து நான். ரிவர்ஸ் போட்டதும் கியர் அழுத அழுகை இருக்கிறதே. கழுத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தால் கண்ணாடியில் தண்ணீரும் அவருடைய கையும்தான் தெரிகிறது. ஒரு இடத்தில் பின் சக்கரம் மண்ணைச் சரித்தது, சரிந்த மண் ஏரியில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஆண்டவரே என்று காலை எடுத்துவிட்டேன். நைனா கார் பக்கத்தில் வந்து ஜன்னலில் கை வைத்து, பயப்படாதே, இந்தப் பக்கம் நான் நிக்கறேன், சக்கரத்தை வலது பக்கம் ஒடி என்றார். நின்றது எங்கே தெரியுமா, காருக்கும் தண்ணீருக்கும் நடுவில், சறுக்கினால் அவர்மேல்தான் சறுக்கும். நான் சக்கரத்தை ஒடித்து மறுபடி பெடலை மிதித்தேன். கரை முடிந்து அகலமான ரோட்டில் வண்டி நின்றபோது புடவை முதுகோடு ஒட்டியிருந்தது. தலை நிமிர்ந்து பார்த்தால் பஸ் ஆடி ஆடிப் பின்னாலேயே வருகிறது. முனிகிருஷ்ணன் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார்.

லாரி தாண்டிப் போகும்போது அரக்கோணத்துக்காரர் தலைப்பாகையை எடுத்தார். முனிகிருஷ்ணன் ஜன்னலில் எட்டிப் பார்த்து, என் பின்னாலயே ஒட்டிக்கினு வாம்மா, வுட்டுறாதே என்றார். அங்கிருந்து சித்தூர் வரைக்கும் அந்த பஸ் எங்களுக்கு வழி திறந்துகொண்டு போனதை நீ பார்த்திருக்க வேண்டும், ஆரனில் வைத்த கையை எடுக்கவில்லை, தூங்குகிற வண்டிக்காரனெல்லாம் எழுந்து ஒதுங்கினான். பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பாமல் நேராக சர்ச்சு வாசலுக்கே வந்து நின்றது, வேப்பிலையும் மஞ்சளுமாக ஜாத்திரை சனம் மொத்தமும் இறங்கிவிட்டது. நம் ஜனங்கள் கலைந்து பாதிப்பேர்தான் இருந்தார்கள், போதகர் வாசற்படியில் கையில் கடிகாரத்தோடு நின்றிருந்தார். மாப்பிள்ளை ஒரு முழங்கால் முழுக்க வெல்ல வண்டியின் அச்சு மையோடு பீடத்துக்கு முன் நின்றார். நைனா கைப்பிடித்துக் கூட்டிவர லோயிஸ் வந்தாள், அந்த மையைப் பார்த்தாள், அங்கேயே சிரித்துவிட்டாள். போதகர் கடைசி வார்த்தை சொல்லி முடித்தபோது ஏழாக இன்னும் கொஞ்சம் பாக்கியிருந்தது. பேச்சு கிளப்பிய சொந்தம் முதல் பந்தியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டது, நானே இரண்டாம் தடவை கறி வைத்தேன். முனிகிருஷ்ணனுக்கும் பஸ்காரர்களுக்கும் கேசரி போதவில்லை, மறுபடி கிளறினோம்.

இப்போது இன்னொரு சேதி. டாக்டரம்மா ஆஸ்பத்திரி ஜீப்பைக் கிராமத்துப் பிரசவங்களுக்கு நானே ஓட்டிப் போகிறேனா என்று கேட்டு ஆள் அனுப்பினார். நைனா பதில் சொல்ல என்னை விடவில்லை, அவரே சரி என்று சொல்லி அனுப்பிவிட்டார். காலையில் மைதானத்தில் அவருக்கு நான் ரிவர்ஸ் சொல்லிக்கொடுக்கிறேன், இரண்டு தடவை கோல்போஸ்டை இடித்தாயிற்று. இதை அவரிடம் எழுதிக் கேட்காதே. நீ அங்கே மோட்டார் சைக்கிள் வாங்கியிருப்பதாக எழுதியிருந்தாய், லாரியோடு போட்டி போடாதே, வளைவில் அவசரப்படாதே, உன்மேல் தப்பு இல்லாவிட்டாலும் விட்டுக்கொடு, ரோட்டில் நியாயம் பேசி யாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போனதில்லை. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, நாங்கள் தினமும் உனக்காக ஜெபிக்கிறோம். கிறிஸ்துமஸுக்காவது லீவு எழுதிப் போட மறக்காதே. ரேணிகுண்டாவில் இறங்கியதும் பஸ், வாடகைக் கார் என்று அலையவேண்டாம், எந்த நேரத்து ரயிலானாலும் சரி, ஸ்டேஷன் வாசலில் என் வண்டி நிற்கும்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா
ஞானசௌந்தரி