அப்பாவின் தலைமாட்டில்

லண்டன்,
நவம்பர் 3

அன்புள்ள அராபா அக்காவுக்கு,

எகுவா எழுதுவது. நீயும் பிள்ளைகளும் நலமாயிருக்க வேண்டும். அத்தானின் முழங்கால் வலி குறைந்ததா? நான் போன வாரமே பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். போன் செய்யத் துணிவில்லை. செய்தாலும் நீ எடுக்கமாட்டாய்.

அக்ராவில், கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்க்கும் என் நாடகத்துக்கு உன்னைக் கூப்பிட்டதே நான்தான். செகண்டியிலிருந்து அத்தனை தூரம் பஸ்ஸில், எனக்காகச் சோளமாவுக் கெங்கியும் பொரித்த மீனும் கட்டிக்கொண்டு வந்தாய். மெய்நிகர் கண்ணாடியை நானே உன் தலையில் மாட்டினேன். "என்னடி இது, மோட்டார் சைக்கிள்காரன் ஹெல்மெட்டாட்டம்!" என்று சிரித்தாய்.

உள்ளே நம் வீட்டுக் கூடம். அப்பாவின் உடலைக் கிடத்தியிருக்கிறது. தலைமாட்டில் கறுப்புத் துணி கட்டி அவர் நெற்றியைத் துடைக்கிறவள் நான். நீ பாதியிலேயே கழற்றிவிட்டாய். அத்தனை பேர் நடுவில் கேட்டாய்: "அன்னிக்கு நீ எங்கடி இருந்தே? அவரைக் குளிப்பாட்டி, துணி மாத்தி, அங்க நின்னது நான்டி. உசிரோட இருக்கறவளை இப்படி அழிச்சிட்டியே!"

"கலைன்னா அப்படித்தான் அக்கா" என்றேன். அதைச் சொன்ன வாயை என்ன செய்வது?

அப்பாவின் அடக்கத்தன்று எடுத்து நீ அனுப்பிய வீடியோவை வைத்துத்தான் அதைச் செய்தோம். உன்னை எடுத்துவிட்டு என்னை நிறுத்தச் சொன்னேன். "இவங்க யாரு?" என்று கேட்டான் கணினியில் உட்கார்ந்திருந்தவன். தூரத்து உறவு என்றேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நம் வழக்கப்படி உடலை வைத்திருந்து நாள் குறித்துத்தானே அடக்கம்; அந்தத் தேதி ஒரு மாதம் முன்பே எனக்குத் தெரியும். விமானத்தில் இடம் கிடைக்கவில்லை என்றது பொய். அடக்கம் நடந்த அதே சனிக்கிழமை இங்கே என் முந்தைய நாடகத்தின் அரங்கேற்றம். ஊரைவிட்டு வந்த நம் ஆட்கள் எதையெல்லாம் இழந்தார்கள் என்பதுதான் கதை. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் குனிந்து வணங்கினேன்.

அப்பாவின் தலைமாட்டில் நான் நிற்கும் காட்சியை நாடகத்திலிருந்து நீக்கிவிட்டேன். உன்னையே திரும்ப நிறுத்தலாம் என்றார்கள் கூட வேலை செய்கிறவர்கள். வேண்டாம் என்றேன். உன்னைக் கேட்காமல் இனி உன் நிழலைக்கூடத் தொடமாட்டேன்.

பிப்ரவரியில் அப்பாவின் ஓராண்டு நினைவு நாள். வருகிறேன். குடும்பத்தோடு உட்காரவைக்க மனமில்லையென்றால், பின்கட்டில் பெண்களோடு பாத்திரம் கழுவுகிறேன். வராதே என்றாலும் சரி, அதை நீயே உன் கையால் ஒரு வரி எழுது, அக்கா.

உன் தங்கை என்று சொல்லிக்கொள்ள இன்னும் ஆசைப்படும்,
எகுவா