காணும் பொங்கலிலும் தோற்றோம்

பிலவ வருஷம், தை 3, இரவு.

இன்றைக்கும் சடுகுடுவில் புள்ளலூரிடம் தோற்றோம். ஆடி மாதம் என் வீட்டுக்காரர் இறந்த பிறகு கண்ணப்பன் கேப்டன் ஆனான். பெருமாள் உட்பட அவரோடு ஆடிய நாலு பேரையும் நிறுத்திவிட்டுச் சின்னப் பையன்களைச் சேர்த்தான். இரண்டு வருஷத்தில் ஜெயிப்போம் என்றான். இதுவரை ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை.

துக்கத்தில் இருப்பவள் ஆட்டம் பார்க்கப் போகக் கூடாதுதான். மனசு கேட்கவில்லை. புளியமரத்துக்குப் பின்னால் நின்றேன். சடுகுடு பாடி வந்த புள்ளலூர்க்காரனைக் கண்ணப்பன் நழுவ விட்டதும் என்னை மீறிக் கத்திவிட்டேன்.

"கைய இன்னாத்துக்குடா புடிக்கிற? கணுக்கால புடி! பெருமாள வூட்ல குந்த வச்சிட்டு பசங்கள வச்சி வெளயாட்றியா?"

கூட்டமே திரும்பிப் பார்த்தது. ஓடி வந்துவிட்டேன். ஊர் என்ன சொல்லுமோ என்று அடுப்புகூட மூட்டவில்லை.

பொழுது சாயும்போது கண்ணப்பன் வாசலில் வந்து நின்றான். முழங்காலெல்லாம் ரத்தம்.

"சண்ட போட வந்தியா?" என்றேன்.

"இல்ல அண்ணி. அண்ணன் போனதுலேர்ந்து எங்கள ஒருத்தரும் திட்டல. பரவால்லன்னு முதுகத் தட்டிக் குடுக்கறாங்க. பேஜாரா கீது. ஞாயித்துக்கெழம காவாந்தண்டலத்துகூட ஆட்டம். மரத்தாண்ட நிக்காத, கோட்டாண்ட வந்து நில்லு."

"பெருமாள சேத்துக்கிறியா?"

"அது மட்டும் முடியாது. பசங்க தேறிடுவாங்க."

"அப்போ தோத்துகினே கெட."

அவன் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆடிக்குப் பிறகு இன்றைக்குத்தான் சிரித்தேன்.

கண்ணப்பன் நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் தோற்கத்தான் போகிறார்கள். சீக்கிரம் சமைத்துவிட்டுப் போக வேண்டும்.