மெஷின் சாவி கண்ணாடி டப்பாவில்

என்னங்க,

வைட்டிலா பஸ்ஸைப் பிடிக்கணும், அதான் எழுப்பல. கப்பக்கிழங்கை வேகவெச்சு மூடி வெச்சிருக்கேன். மீன் குழம்பை மட்டும் சூடு பண்ணிக்கோங்க. ராத்திரி மாதிரி கோவிச்சுக்கிட்டு பட்டினி கிடக்காதீங்க.

தோப்பும்படியிலேர்ந்து அந்தச் சேட்டன் சாயங்காலம் உங்க போன்சாய் புளியமரத்தைப் பார்க்க வர்றாராம். அதுக்குள்ள அந்தப் பட்டுப்போன கொப்பைச் செதுக்கி முடிக்கணும்னு செதுக்குற மெஷினைத் தூக்குவீங்க, எனக்குத் தெரியும். அதோட முனையில பிட்டை முடுக்குற சாவியை வீடு பூரா தேடாதீங்க. நான் வாங்கித் தந்து நீங்க ஒரு நாளும் போடாத கண்ணாடி இருக்கே, அந்த டப்பாவுக்குள்ளதான் இருக்கு. சாவியை எடுக்கும்போது கண்ணாடியையும் எடுத்து மாட்டுங்க. வேர்வையில மங்குதுன்னா துடைச்சிட்டுப் போடுங்க. நேத்து சிராய் தெறிச்சது கண்ணுக்கு ஒரு விரல் கீழ. அதைச் சொன்னதுக்கா அவ்வளவு கோவம்?

மரத்தூளை நீங்களே பெருக்கணும்.

மகா

சொல்ல விட்டுப்போச்சு: நேத்து நான் மாடிக்கு வந்ததே, கொப்பு ரொம்ப அழகா வந்திருக்குன்னு சொல்லத்தான். உங்க கன்னத்துல ரத்தத்தைப் பார்த்ததும் வாயில வேற வார்த்தை வந்துடுச்சு.